அவர் வாசிக்காத பதினோரு நிமிடம்

சிங்கப்பூரில் பேருந்துக்குக் கைகாட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்தத்தில் ஆள் நின்றால் நிற்கும் என்று நினைத்தேன். முதல் பேருந்து என் எதிரே வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், போய்விட்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து எனக்காகக் கையை நீட்டினார். பேருந்து நின்றது. அவர் ஏறவில்லை, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் கும்பகோணத்தில் கைகாட்டினாலும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்று நம்மை ஓடவிடுவார்கள். நான் ஓடத் தயாராகத்தான் நின்றிருந்தேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தேன். என் கணவர் செந்தில் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் மின்பிரிவு மேற்பார்வையாளர். ஆறு வருடமாக அங்கே இருக்கிறார். பெயரை எழுத்தில்தான் சொல்கிறேன், வாயால் சொல்லிப் பழக்கமில்லை. நான் ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பன்னிரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டவள், மேடை ஏறாதவள். செந்தில் கல்லூரி நாளிலிருந்து கிடார் வாசிப்பவர். சிங்கப்பூரில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ராக் குழுவில் இருக்கிறார். மூன்று வருடமாகச் சனிக்கிழமை தோறும் பயிற்சி. மற்ற நாட்களில் தினமும் எனக்குப் போன் வரும், சனிக்கிழமை வராது.

அந்தக் குழு ஒரு கச்சேரி வைக்கிறது என்று தெரிந்ததும், அரையாண்டு விடுமுறையில் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கச்சேரி கேட்கப் போகிறேன் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், என்னுடைய சனிக்கிழமைகளை யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

பேருந்திலிருந்து இறங்கி ரயில் ஏறியதிலும் தப்பு செய்தேன். லிட்டில் இந்தியாவுக்குப் போக வேண்டியவள் எதிர்த்திசையில் துவாஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலில் கிடங்குகளும் கிரேன்களும் வர ஆரம்பித்தபோதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் புதுக்கோட்டைக்காரர். இந்தப் பக்கம் கடல்தான் வரும், இறங்கி எதிர் நடைமேடைக்குப் போங்க என்றார். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே என் கூட இறங்கி வழிகாட்டிவிட்டு அடுத்த ரயிலுக்குக் காத்து நின்றார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசலில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை. விடுவேனா? உள்ளே போனேன். காபி கொண்டுவந்தவரிடம் நான் அந்த ஊர்தான் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. மேசையை விட்டு நகராமல் நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருந்தது. சிக்கரி கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாகவே இருந்தது. சொன்னேன். அப்புறம்தான் போனார்.

செராங்கூன் சாலையில் மல்லிகைச் சரம், நகைக்கடை, வேட்டிக்கடை, காய்கறிக் கூடைகளில் முருங்கைக்கீரை வரைக்கும் எல்லாம் இருந்தது. ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை. ஆனால் சாலையைக் கடக்கும்போது வண்டிகள் நமக்காக நின்றன. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

செந்தில் குடியிருப்பது பதினோராவது மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரம்மா தமிழ்க் கிறிஸ்தவர், நல்லவர், ஒரே ஒரு சட்டம்தான். 'லைட் குக்கிங்'. அதாவது சுடுதண்ணீர் வைக்கலாம், நூடுல்ஸ் போடலாம், தாளிக்கக் கூடாது. ஆறு வருடமாகக் கடுகு வெடிக்காத வீட்டில் இருக்கிறாரே என்று முதல் நாள் எனக்குப் பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபம் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை செந்திலுக்கு வேலை. எனக்கு ஊர் சுற்றிக் காட்டக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார். பெயர் ஷர்மிளா. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பத்திரண்டு வயது இருக்கும், தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவளுக்கும் பள்ளி விடுமுறை. மொட்டைத் தலைக்கு ஒரு விரல் மேலே வளர்ந்த முடி, பருத்தி குர்தா, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். தேக்கா மார்க்கெட் வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டாள். "அக்கா, சாப்டீங்களா? மொதல்ல சாப்டுவோம் லா, அப்புறம் ஷாப்பிங்," என்றாள். அந்த 'லா' சிங்கப்பூர்ப் பேச்சின் வால்.

அவளைப் பிடிக்காமல் போவதற்கு நான் நிறைய முயற்சி செய்தேன். முடியவில்லை. வரிசையில் நின்று பிராட்டா வாங்கி வந்தாள். நம் ஊர்ப் பரோட்டாவுக்கு அண்ணன் மகன் மாதிரி இருந்தது அது, ஆனால் தொட்டுக்கொள்ள மீன்குழம்பு. என் மகளுக்கு வளையல் பார்த்தபோது எந்த நிறம் வாங்கலாம் என்று சொல்வதற்கு முன் என் மகளின் நிறத்தைக் கேட்டாள். அவள் அம்மா வீட்டில் வானொலிச் செய்தி மாதிரித் தூய தமிழ் பேசுவாராம், இவளுக்கு அது வராது என்பதில் கொஞ்சம் வெட்கம். என்னிடம் பேசும்போது ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் தமிழ் தேடினாள். கிடைக்காவிட்டால் 'சாரி அக்கா' என்றாள்.

ஆனால் அவள் என் கணவரை 'செந்தில்' என்றாள். செந்தில் இப்படி, செந்தில் அப்படி. செந்தில் ஒரு பாட்டைத் தொடங்கினால் விடமாட்டார், நாங்கதான் இழுத்து நிறுத்தணும். என் வாயில் ஒருநாளும் வராத பெயர் அவள் வாயில் பிராட்டாவோடு போய்வந்துகொண்டிருந்தது.

அவர்களிடம் எழுதி வைத்த பாட்டு என்று அதிகம் இல்லை என்றாள். ஒருத்தர் எதையாவது ஆரம்பிப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் எங்குமே போகாது. கர்நாடகக் கச்சேரியில் கற்பனாஸ்வரம் பாடுவது மாதிரியா என்று கேட்டேன். செந்திலும் அப்படித்தான் சொல்வார் என்றாள். பிறகு, மறுநாள் கச்சேரியைப் பற்றிப் பேசும்போது, போன வருடமே நடத்தியிருக்க வேண்டியது, செந்தில் கையில் தையல் போட்டதால் இரண்டு மாதம் வாசிக்க முடியவில்லை, அதனால்தான் தள்ளிப்போனது என்றாள்.

எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பை வந்த அன்றே பார்த்திருந்தேன். என்ன என்று கேட்டதற்குக் கதவில் கிழித்துக்கொண்டேன் என்றார். ஷர்மிளாவிடம் விவரம் கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவளே சொன்னாள். பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்தாராம். டிரம்ஸ் வாசிக்கும் ஃபைசல் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டானாம். அந்த இரண்டு மாதமும் எனக்குத் தினமும் போன் வந்துகொண்டுதான் இருந்தது. சாப்பிட்டியா, மழையா, பாப்பா படிக்கிறாளா. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி.

அன்று மாலை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நூடுல்ஸ் செய்து கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கிடார் உறைக்கு மேல் கறுப்புக் குப்பைப் பை இரண்டைச் சுற்றி, டேப் ஒட்டி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டார். ரயிலில் கூட்டம். எதிரே இருந்த அம்மாள் ஒருவர் அதைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். எனக்கு இடம் கிடைக்கவில்லை, கிடாருக்குக் கிடைத்தது.

அரங்கம் டோபி காட் பக்கம், நிலையத்திலிருந்து மேடேறிப் போனால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. இருநூறு இருக்கைகள், முக்கால்வாசி நிறைந்திருந்தது. அரங்கம் இரவில் வேறு யாருக்கோ என்பதால் கச்சேரி ஐந்து மணிக்கே. குழுவின் பெயர் 'ஸ்லோ லிஃப்ட்'. பயிற்சி செய்யும் கட்டடத்தின் லிஃப்டை நினைத்து வைத்ததாம். கீபோர்டு வாசிப்பவர் வெய் மிங், ஐம்பதைத் தொட்ட சீனர், சொந்தமாக மின்விளக்குக் கடை வைத்திருக்கிறார். என் கணவரை 'சென்' என்று கூப்பிட்டார்.

இனி கச்சேரி. முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் நியாயமாக இல்லை.

முதல் உருப்படி இருபத்திரண்டு நிமிடம். செந்தில் தனியாக மெதுவான ஒரு வரியை ஆரம்பித்தார், அழகாக இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் கூடிவிட்டது. அதற்குப் பிறகு போக இடமில்லாமல் அங்கேயே சுற்றியது. வெய் மிங் வேகத்தைக் குறைத்து வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். கிடார் அதைக் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்குக் கிடார் ஒரு வேகத்திலும் கீபோர்டு ஒரு வேகத்திலும் போக, நடுவில் ஃபைசல் யார் பக்கம் அடிப்பது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில் முடிந்ததா, நின்றுபோனதா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் ஓய்ந்தது. கை தட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது உருப்படி ஆரம்பித்ததும் ஒருத்தி, இன்னும் அதே பாட்டா என்று கேட்டாள். மற்றவள், இல்லை, இது வேறு என்று நினைக்கிறேன் என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இதற்காகவா என் சனிக்கிழமைகள், என்று மனசுக்குள் ஒரு நிறைவு.

இரண்டாவது ஷர்மிளா பாடிய பாட்டு. ஆங்கிலம், வரிகள் புரியவில்லை. குரல் சுமார்தான், சுருதி மேல் ஸ்தாயியில் கொஞ்சம் இறங்கியது. நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிடாரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பான பார்வை இல்லை, அது எனக்குத் தெரியும். இவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று வாயைக் கொஞ்சம் திறந்து, புருவத்தைத் தூக்கிக் காத்திருக்கும் பார்வை. கல்யாணமான பதினான்கு வருடத்தில் என்னை அப்படி ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நான் சோறு போடும்போது பார்த்ததில்லை, சண்டை போடும்போது பார்த்ததில்லை. தப்பான பார்வையாக இருந்திருந்தால்கூடத் திட்டியிருக்கலாம்.

இடைவேளைக்குப் பிறகு செந்திலின் ஆம்ப், அதாவது கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, கரகரத்து, ஏதோ கருகும் வாசனை வந்து, நின்றுபோனது. அவரே குனிந்து பார்த்தார். கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கிறவருக்கு அந்தப் பெட்டி பிடிபடவில்லை. அரங்கத்துக் கிடங்கிலிருந்து வேறு ஆம்ப் கொண்டுவர உள்ளே போனார். தேர்வறையில் காவல் இருந்து பழகிய கண் தானாகக் கடிகாரத்தைப் பார்த்தது.

மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஷர்மிளா மூன்று சுரத்தில் ஒரு சின்னத் துண்டை வாசித்தாள். நிறுத்தினாள். திரும்ப வாசித்தாள். வெய் மிங் அதன் வாலைப் பிடித்துக்கொண்டார். ஃபைசல் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். அரங்கத்தில் பேச்சு நின்றது. அந்தத் துண்டு மெல்ல நீண்டு, ஏறி, ஓர் இடத்தில் மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் எடுத்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்துப் பெண்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். செந்தில் ஆம்பைத் தள்ளிக்கொண்டு வந்து, மாட்டி, எங்கே நுழைவது என்று தெரியாமல் நின்றார். மறுபடியும் அதே பார்வை. மூன்று சுரம் மட்டும் வாசித்து உள்ளே வந்தார். பதினோரு நிமிடம்.

கடைசி உருப்படியை அவரே எடுத்து, அவரே இழுத்து, கேட்பவர்களுக்கு முதலில் சலிப்பு வந்து, அப்புறம்தான் அது முடிந்தது.

சாப்பிட ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஐந்து பேர். நடுவில் மீன்தலைக் கறி, அதன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம். சாப்பிட்டு முடிக்கும்வரை கச்சேரியைப் பற்றிப் பேசக் கூடாது. முடித்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஃபைசல் தன் வேகம் ஓடியதைச் சொன்னார். வெய் மிங், தான் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஷர்மிளா என் பக்கம் திரும்பி, அக்கா நீங்களும் சொல்லணும், தமிழ்லயே சொல்லுங்க, நான் இவங்களுக்குச் சொல்றேன் என்றாள்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னேன். "இவர் வெளிய போயிருந்த அந்தப் பதினோரு நிமிஷம்தான் கச்சேரி. மத்ததெல்லாம் ஒருத்தர் பேச, மூணு பேர் தலையாட்டுன மாதிரி இருந்துச்சு."

ஷர்மிளா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மற்ற இருவரிடமும் ஆங்கிலத்தில், நாம் மூன்று பேர் தனியாக வாசித்த பகுதி அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்ததாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் கணவரை என்னிடமிருந்து அவள் காப்பாற்றினாள்.

நான் சொன்னது அது இல்லை என்று என்னுடைய வகுப்பறை ஆங்கிலத்தில் ஆரம்பித்து, முழுவதையும் திரும்பச் சொன்னேன். தலையாட்டியதையும் விடவில்லை. வெய் மிங் தண்ணீர் குடித்தார். ஃபைசல் இலையில் இருந்த அப்பளத் துண்டை ஒடித்தார். செந்தில் சட்டியில் மிஞ்சியிருந்த மீன் கன்னத்துச் சதையை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டே, சரி என்றார்.

திரும்பும்போது ரயிலில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. கிடார் நடுவில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரம்மா தேவாலயத்துக்குப் போய்விட்டார். மழை விட்டபாடில்லை. எதிர் அடுக்குமாடியின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பங்களில் யாரோ மறந்துவிட்ட துணிகள் நனைந்து தொங்கின. செந்தில் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரிப் பதிவு. நான் துணி மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதிலிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எந்தெந்த இடம்னு காட்டு," என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் மறுக்க முடியவில்லை.

ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டோம். இடம் காட்டுவதற்கு நான் தயாராக இருந்தேன். முதல் உருப்படியில் ஒன்பதாவது நிமிடத்தில் கிடார் நின்றது. முழுசாக நான்கு தாளச் சுற்று ஒன்றும் வாசிக்கவில்லை. யாராவது வாருங்கள் என்று வழிவிட்ட இடம் அது. யாரும் வரவில்லை. ஃபைசல் அந்த வெற்றிடத்தை டிரம்ஸால் அடைத்துவிட்டார். பதின்மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் அப்படியே. அரங்கத்தில் இரண்டுமே என் காதில் விழவில்லை. செந்தில் எதையும் சுட்டிக்காட்டவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

என்னுடைய பதினோரு நிமிடம் வந்தது. முதல் ஏழு நிமிடம் நான் நினைத்தபடியே இருந்தது. அதற்கப்புறம் பேஸ் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது, ஒரு சுரம் இரண்டு முறை பிசகியது. சொல்லி வைத்தாற்போல் நிறுத்தினார்கள் என்றேனே, அதில் வெய் மிங் அரை நொடி பிந்தியிருந்தார். இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. கச்சேரியிலேயே நல்ல இடம் அதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் மயிர்க்கூச்செறிந்ததற்குப் பாதிக் காரணம் அவர் மேடையில் இல்லாததுதான் என்று தெரிந்தது.

ஷர்மிளாவின் பாட்டைக் கடைசியாகத்தான் கேட்டோம். நான்தான் தள்ளிப்போட்டேன். அவள் ஒவ்வொரு வரியையும் முடிக்கும் இடத்தில் கிடார் பின்னால் வந்து, அந்த வரியின் கடைசியை மெல்லத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டது. பாடுகிறவருக்குப் பின்னால் வயலின் வருமே, அப்படி. அவள் சுருதி இறங்கிய இடத்தில் இவர் அடியில் போய்த் தாங்கினார். கல்யாணமான முதல் இரண்டு வருடம் நான் பாட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய வாசிப்பு அது. கச்சேரி முழுவதிலும் அவர் வாசித்ததில் அதுதான் சிறந்தது.

"இத நேத்து நான் கேக்கவே இல்ல," என்றேன்.

"முன்வரிசையிலதானே உட்கார்ந்திருந்தே."

"உட்கார்ந்திருந்தேன். நீங்க அந்தப் பொண்ணப் பார்க்கறதப் பார்த்துட்டு இருந்தேன்."

அவர் காதிலிருந்து எடுத்துவிட்டார். கணினியையும் மூடினார். அப்படி ஒன்றுமில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அவள் அடுத்து எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாது, பார்க்காவிட்டால் விட்டுவிடுவேன், அதனால்தான் பார்க்கிறேன் என்றார்.

"நான் எங்க போவேன்னு தெரியுமா?"

கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரியும்னு நெனச்சேன்," என்றார்.

அப்போதுதான் நான் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பித் தழும்பைப் பார்த்தேன். எத்தனை தையல் என்று கேட்டேன். சொன்னால் நீ பயந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றார்.

"பயந்துட்டுப் போறேன். அத வேற யாரும் எனக்குப் பதிலா செய்ய வேண்டாம்."

ஏணி வழுக்கியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கீழே இரும்புத் தகடு இருந்தது, இன்னும் ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் கழுத்து. ஆஸ்பத்திரியில் விரல் அசைகிறதா என்று டாக்டர் கேட்டபோது, தாலி கட்டிய கை ஞாபகம் வரவில்லை, கிடார்தான் ஞாபகம் வந்தது என்று அதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பிடித்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அழுதேன், அவர் தடுக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும்போது வீட்டுக்காரம்மா திரும்பி வந்து, ரெண்டு பேரும் ஏன் சாப்பிடவில்லை என்று கதவைத் தட்டினார்.

திங்கட்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். கடற்கரைக்குப் போனோம், தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, எதில் என்ன வேலை செய்தார் என்று காட்டினார். எனக்கு எல்லாக் கப்பலும் ஒன்றுபோல்தான் தெரிந்தது. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் சாப்பிட்டோம். சிங்கப்பூருக்கே வந்துவிடு என்று அவர் கேட்கவில்லை, ஊருக்கே திரும்பிவிடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. பெரிதாக எதுவும் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு ஷர்மிளாவிடமிருந்து செய்தி வந்தது. தமிழில், எழுத்துப் பிழைகளோடு, தட்டுத் தடுமாறி அடித்திருந்தாள். அக்கா, என் பேஸ் பற்றித் தனியாக நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, செந்திலைச் சொன்ன மாதிரி என்னையும் மறைக்காமல் சொல்லுங்கள், எனக்கு இப்படிச் சொல்ல யாரும் இல்லை.

பதில் எழுத ஆரம்பித்தேன். குறைகள் சரளமாக வந்தன. பிசகிய சுரம், சுற்றிச் சுற்றி வந்த இடம், பாட்டில் இறங்கிய சுருதி, அதற்குக் காலையில் செய்ய வேண்டிய சாதகம். பத்து வரிக்கு மேல் போய்விட்டது. படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாம் ஒரே பக்கத்து உண்மையாக இருந்தது. மேலே போய் முதல் வரியாக எதையாவது சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வரிதான் வரவில்லை. வரிசையில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கைக்குழந்தைக்காரர்கள் போனார்கள், பின்வரிசைக்காரர்கள் போனார்கள்.

'அந்த முதல் ஏழு நிமிடம் ரொம்ப நன்றாக இருந்தது' என்று எழுதினேன். 'ரொம்ப' என்பதை அழித்தேன். எழுந்து பையை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது அந்த வார்த்தையைத் திரும்பப் போட்டு அனுப்பினேன்.